மீதி இருநூற்றுப் பத்து மீட்டர்

பிப்ரவரியின் கடைசி வெள்ளி.
ஜெபல் ஷம்ஸ் மேட்டில் விடியற்காலை ஐந்தேகாலுக்கு
கார்க் கண்ணாடிக்கு வெளியே இரண்டு டிகிரி.
உள்ளே நாங்கள் மூவர்,
ஒரு பிளாஸ்க் சுக்குக் காப்பி.

மட்டம் பார்ப்பது என் தொழில்.
நிஸ்வா புறவழிச் சாலையில்
இருபது மீட்டருக்கு ஓர் எண் எழுதுகிறவன்.
மலையையும் அப்படித்தான் எழுதத் தொடங்கினேன்:
பாதை வறண்டிருக்கிறது.
பாறையில் மஞ்சள் வெள்ளை சிவப்புப் பட்டைகள்
முதல் ஒரு மணி நேரம் தெளிவு.
அதற்கு மேல் சரளை.
காலை வைத்தால் மலை ஒரு சாண் சரிந்து
யார் என்று விசாரித்துவிட்டுப் போகிறது.

“தைப்பனி தரையைத் துளைக்கும்
மாசிப்பனி மச்சைத் துளைக்கும்” என்றாள் ஜெபக்கனி,
டயாலிசிஸ் பிரிவில் இரவு வேலை முடித்து
தூங்காமல் வந்தவள்.
இங்கே மச்சு ஏது.
அது நேரே நைனா முகமதுவின் காதுமடலைத் துளைத்தது.
பஹ்லாவில் டயர் கடை, ஊர் கீழக்கரை.
கடல்மட்டத்துக்கு மேல் அதுவரை
மொட்டைமாடிக்குத்தான் ஏறியிருக்கிறார்.

ஜூனிப்பர் மரங்கள்
வாடைக்கு முதுகு காட்டியே வளர்ந்திருந்தன.
ஒரு பாறைக் குழியில்
ஜெராக்ஸ் தாள் கனத்துக்குப் பனிக்கட்டி;
எங்களுக்கு முன்னால் வந்த ஆடு
நடுவில் நக்கி ஓட்டை போட்டிருந்தது.
நைனா குனிந்து அந்த ஓட்டை வழியே தொட்டுப் பார்த்தார்.
“ஃப்ரீசர் மாதிரிதான்” என்றார்,
ஆனால் விரலை எடுக்கவில்லை.

ஒன்பதரைக்கு அவருடைய வலது பூட்ஸ் வாயைப் பிளந்தது.
போன கோடை முழுக்கக் கார் டிக்கியில் வெந்து
பசை செத்திருக்கிறது.
வளைகுடாவில் மலையேறப் போகிறவர்கள்
வானத்துக்கு முன்னால் பார்க்க வேண்டியது
செருப்பின் அடியை.
ஊரார் டயருக்கெல்லாம் ஒட்டுப்போடும் மனிதர்
பையிலிருந்து டியூப் துண்டை உருவிப்
பாதத்தைச் சுற்றிக் கட்டும்போது
எங்கள் முகத்தைப் பார்க்கவேயில்லை.

கருவி காட்டியது: இரண்டாயிரத்து எழுநூற்று எண்பத்தேழு.
இன்னும் இருநூற்றுப் பத்து மீட்டர்.
நான் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஜெபக்கனி கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பள்ளத்தாக்கில் மேகம்
பால் பொங்குவதுபோல் அல்ல,
சத்தமில்லாமல், கிடை மட்டமாக,
தொட்டியில் தண்ணீர் ஏறுவதுபோல்
ஏறிக்கொண்டிருந்தது.
காற்று நின்றுபோயிருந்தது. அதுதான் எனக்கு உறைக்கவில்லை.

“நாற்பது நிமிஷம் போதும்” என்றேன்.
“நோயாளி முகம் வெளுத்தால்
அலாரம் அடிக்கட்டும் என்று நான் நிற்க மாட்டேன்” என்றாள்.
“இது மலை.”
அதற்கு அவள் பதில் சொல்லவில்லை.
பையை மாட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கிவிட்டாள்.
நைனா ஒருமுறை மேலே, ஒருமுறை தன் காலைப் பார்த்துவிட்டு
டியூப் ரப்பர் கிறீச்சிடப் பின்னால் போனார்.
கோபத்தோடு நான்.
கோபத்தில் இறங்கினால் முட்டி இரண்டு மடங்கு வலிக்கும்,
இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பட்டைகள் மேகத்துக்குள் போய்விட்டன.
ஆட்டுப் புழுக்கையைப் பின்தொடர்ந்தோம்.
அரை மணி நேரம் அதைவிட நல்ல வழிகாட்டி இல்லை.
ஆலங்கட்டி விழுந்தபோது காரின் கதவு கையில் இருந்தது.

அல் ஹம்ராவுக்கு முன்னால், காலையில் வெறும் கல்லாய்க் கிடந்த வாதியில்
காப்பி நிறத்தில் வெள்ளம்.
எங்களுக்கு முன்னே ஒரு பிக்கப்,
அதில் நனைந்த நான்கு ஆடுகள், ஹம்தான் என்று ஒருவர்.
அக்கரையோரம் கைகாட்டினார்:
அந்த இடத்தில் ஒரு கறுப்புக் கல் இருக்கிறது.
அது தெரிந்தால் போ.
தெரியாவிட்டால் பேரீச்சம்பழம் சாப்பிடு.

சாப்பிட்டோம்.
பின்சீட்டில் ஜெபக்கனி ஒருவழியாகத் தூங்கிவிட்டாள்,
மடியில் கொட்டைகளோடு.
நைனா மெல்லக் கேட்டார்:
“அந்த இருநூற்றுப் பத்து மீட்டரில் என்ன இருந்திருக்கும்?”
“சரளைதான்” என்றேன்.
எனக்கு எப்படித் தெரியும்.

ஏழு நாற்பதுக்கு ஹெட்லைட் வெளிச்சத்தில்
கல்லின் நெற்றி தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது.
சாவியில் கை வைத்தபடி
ஹம்தானைப் பார்த்தேன்.
அவர் இன்னொரு பழம் எடுத்துக்கொண்டிருந்தார்.